கத்தி முதல் கோஸ்டிக் சோடா வரை: இங்கிலாந்தில் சிறு கடை நடத்துவோருக்கான வயதுக் கட்டுப்பாட்டு வழிகாட்டி

சிகரெட்டுக்கும் பியருக்கும் வயது கேட்க டில்லில் (காசு வாங்கும் கருவியில்) நிற்கும் எவரும் முதல் வாரத்திலேயே பழகிவிடுகிறார். தடுக்கி விழுவது மற்றச் சாமான்களில்தான். காய் வெட்டும் சின்னக் கத்தி, கார்க் கீறலுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, லைட்டர் காஸ், குழாய் அடைப்பெடுக்கும் மருந்து, தீபாவளிக்கு இறக்கிய மத்தாப்பு எல்லாம் சாதாரண வீட்டுச் சாமானாகவே கண்ணில் படும். ஆனால் இவற்றில் ஒன்றைத் தவறான கையில் கொடுத்தால், டில்லை அழுத்தியவர் மேலும் கடை உரிமையாளர் மேலும் வழக்கு வரலாம்.

கீழே உள்ளது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்கொட்லாந்தில் சில இடங்களில் மாறும். உதாரணமாக, அங்கே வீட்டுச் சமையல் கத்தியை 16 வயது நிறைந்தவருக்கு விற்கலாம்.

வரிசையை மாற்றாதீர்கள். எந்தச் சாமானுக்குக் கட்டுப்பாடு என்பது கேஷ் அன்ட் கேரி மொத்தக் கடையிலிருந்து பெட்டி வந்து இறங்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும். நாலு பேர் வரிசையில் நிற்கையில் லேபலைத் திருப்பி வாசித்து முடிவெடுக்க யாராலும் முடியாது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

டில்லின் மேலாளர் கடவுச்சொல் முதலில் வேண்டும். பல கடைகளில் அது பழைய உரிமையாளரிடமோ டில் நிறுவனத்திடமோ கிடக்கிறது. அது இல்லாமல் ஒரு சாமானுக்கும் வயது எச்சரிக்கை போட முடியாது.

இரண்டாவது, ஒரு மறுப்புப் பதிவேடு. ரெஃப்யூசல் புக் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பக்க எண் போட்ட கட்டுக் கொப்பி போதும். தாள் கழற்றக்கூடிய கோப்பு வேண்டாம். இடையில் தாள் செருகியதாகச் சந்தேகம் வந்தால் அந்தப் பதிவேட்டால் பயனில்லை.

மூன்றாவது, ஒரே பக்கத்தில் எழுதிய கடைக் கொள்கை. நான்காவது, டில் அருகிலும் கதவிலும் ஒட்ட ‘சலஞ்ச் 25’ அறிவித்தல். 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவராகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்பது என்பதே அதன் பொருள். 17 வயதையும் 18 வயதையும் முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. 17 வயதையும் 25 வயதையும் ஓரளவு பிரிக்கலாம். அந்த எட்டு வருட இடைவெளிதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

2. கடையைத் தட்டுத் தட்டாகச் சுற்றுங்கள்

ஒரு கொப்பியோடு கதவடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தட்டாகப் பாருங்கள். நினைவிலிருந்து பட்டியல் எழுதினால் பாதி விடுபடும். விடுபடுபவை எப்போதும் ஒரே இடங்களில்தான் இருக்கும்: தட்டு ஓரத்தில் தொங்கும் பட்டியில் ஒற்றைக் கத்தி, ஸ்டேஷனரிப் பகுதியில் கிராஃப்ட் கத்தி, பிறந்தநாள் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் கேக் பூவாணம், ஒக்டோபரில் வரும் பூசணி செதுக்கும் பெட்டி, பொம்மைத் தட்டில் பிளாஸ்டிக் குண்டு சுடும் பிபி துப்பாக்கி.

ஒவ்வொன்றுக்கும் மூன்று விபரம் எழுதுங்கள்: பார்கோட், வைத்திருக்கும் இடம், வயது. பார்கோட் இல்லாத சாமானுக்குச் சிவப்பு வட்டம் போடுங்கள். அவை பின்னால் தனியாகத் தொல்லை தரும்.

3. அலகுள்ளவை: 18

1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 141ஏ பிரிவு. கத்தி, கத்தி அலகு, சவர அலகு, கோடரி ஆகியவற்றை 18 நிறையாதவருக்கு விற்பது குற்றம். சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம் இது. சமையல் கத்தி, ஸ்டான்லி வகைக் கத்தி, கிராஃப்ட் கத்தி, அதற்கு மாற்றிப் போடும் தனி அலகுப் பொதி எல்லாம் இதில் அடங்கும். புதியவர்கள் கத்தியைப் பூட்டிவிட்டு அலகுப் பொதியை வெளியே தொங்கவிடுகிறார்கள். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இரண்டு விலக்குகள் உண்டு. வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்ரிமீற்றருக்கு, மேற்படாத மடக்குப் பொக்கட் கத்தி ஒன்று. உறையில் நிரந்தரமாகப் பொருத்திய, 2 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே அலகு வெளியே தெரியும் சவர அலகு மற்றொன்று. அதனால்தான் சாதாரண டிஸ்போசபல் ரேசருக்குக் கட்டுப்பாடு இல்லை. தாளில் சுற்றி வரும் இருபக்க பிளேடுக்கு உண்டு.

மடக்குக் கத்தி விலக்கை நம்பி விற்காதீர்கள். டில்லில் யாரும் அளவுகோல் வைத்து அளப்பதில்லை, 3 அங்குலம் தாண்டியதா என்று கண்ணால் சொல்லவும் முடியாது. எல்லா மடக்குக் கத்திக்கும் 18 என்று போட்டுவிடுங்கள்.

தமிழ்க் கடைகளுக்கு இன்னொன்று. அரிவாள்மனை விற்பவர்கள் அதைச் சமையல் பாத்திரங்களோடு கீழ்த்தட்டில் வைக்கிறார்கள். அதில் இருப்பதும் திறந்த அலகுதான். கத்தியோடு சேர்த்து வையுங்கள், 18 போடுங்கள். செதுக்கும் பெட்டி, கைவேலைப் பெட்டி போன்றவற்றில் வெளி அட்டையை மட்டும் பார்க்காமல் உள்ளே அலகு இருக்கிறதா என்று பாருங்கள்.

4. காரமும் அமிலமும்: 18, சிலவற்றுக்கு உரிமமும்

அதிகம் குழம்புவது இங்கேதான். சிலர் ப்ளீச் முழுவதையும் பூட்டுகிறார்கள்; சிலர் கோஸ்டிக் சோடாவைக்கூடச் சவர்க்காரத்தோடு அடுக்குகிறார்கள். இரண்டும் வேண்டாம்.

2019ஆம் ஆண்டின் ஒஃபென்சிவ் வெப்பன்ஸ் (தாக்கும் ஆயுதங்கள்) சட்டத்தில் அரிக்கும் பொருட்களின் பட்டியல் இருக்கிறது. விற்பனைக் கட்டுப்பாடு 2022 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ளது. கீழே உள்ள அளவைத் தாண்டினால் 18 நிறையாதவருக்கு விற்கக்கூடாது:

சோடியம் ஹைட்ரொக்சைட் 12%
சோடியம் ஹைப்போகுளோரைட் 10%
ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10%
சல்பூரிக் அமிலம் 15%
நைட்ரிக் அமிலம் 3%
போஸ்போரிக் அமிலம் 70%
ஃபோர்மிக் அமிலம் 10%
அமோனியம் ஹைட்ரொக்சைட் 10%
ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம், எந்த அளவானாலும்

இதைக் கடைச் சாமானாக மாற்றிப் பாருங்கள். வீட்டுப் பாவனைக்கான சாதாரண ப்ளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட் 10% அளவுக்கு வெகு கீழே இருக்கும், கட்டுப்பாடு இல்லை. கோஸ்டிக் சோடா மணிகள் கிட்டத்தட்ட முழுவதும் சோடியம் ஹைட்ரொக்சைட், கட்டாயம் 18. சிங்க் அடைப்புக்கும், வீட்டில் சவர்க்காரம் செய்யும் பொழுதுபோக்குக்கும் வாங்குவது இதைத்தான். அடைப்பெடுக்கும் ஜெல்லில் கலவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கார் பட்டரிக்குள் அடைத்த அமிலம் இந்தத் தடையில் சேராது.

லேபலில் கையையும் உலோகத்தையும் அரிக்கும் துளியின் படம் இருந்தால் மட்டும் முடிவுக்கு வராதீர்கள். கண்ணுக்குக் கடும் பாதிப்புத் தரும் சாதாரண துப்புரவுச் சாமானிலும் அதே படம் வரும். அளவு அறிய ஒரே நம்பகமான வழி, அந்தச் சாமானின் பாதுகாப்புத் தரவுத்தாள். விநியோகிப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் 3ஆவது பிரிவில் உட்பொருள்களும் அவற்றின் வீதமும் இருக்கும். வீதம் ‘5 முதல் 15 வரை’ என்று வீச்சாகக் கொடுத்திருந்து, சட்ட அளவு அந்த வீச்சுக்குள் விழுந்தால், 18 போடுங்கள்.

வயதுக்கு மேலே இன்னொரு பூட்டும் உண்டு. 1972ஆம் ஆண்டின் நஞ்சுச் சட்டத்தின்படி 15% அளவுக்கு மேற்பட்ட சல்பூரிக் அமிலத்தையோ 12% அளவுக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் பெரொக்சைட்டையோ பொதுமக்கள் வாங்குவதற்கு உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். 50 வயதுக்காரருக்கும் அதே விதி. 90% தாண்டிய சல்பூரிக் அமிலத்தோடு வரும் அடைப்பெடுக்கும் திரவங்கள் ப்ளம்பர்களுக்கானவை. அவற்றை ஒரு மூலைக் கடை வாங்கி அடுக்கவே கூடாது. பழைய கையிருப்பில் கிடந்தால் விநியோகிப்பவரிடம் திருப்புங்கள்.

5. ஸ்ப்ரே பெயிண்ட்: சட்டப்படி 16

2003ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டம், 54ஆவது பிரிவு. அழுத்தத்தில் அடைத்து, தெளிப்பாக வெளிவரும் பெயிண்ட் எதையும் 16 நிறையாதவருக்கு விற்கக்கூடாது. கார் டச்-அப் ஸ்ப்ரே, கிறிஸ்மஸ் கைவேலைக்கான தங்க நிற ஸ்ப்ரே, மாதிரி விமானத்துக்கு அடிக்கும் சின்ன டப்பா எல்லாம் உள்ளே. டியோடரன்ட், ஹெயர் ஸ்ப்ரே பெயிண்ட் இல்லை. அவை இந்தப் பிரிவில் வராது.

ஒரு சாமானுக்கு 16, இன்னொன்றுக்கு 18 என்று நினைவில் வைப்பது கடினம். எல்லாவற்றுக்கும் 18 என்று கடைக் கொள்கை வைப்பது நல்லது. அதற்குச் சட்டத் தடையும் இல்லை. சேவைகளில் வயதுப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற 2010 சமத்துவச் சட்டத்தின் பாதுகாப்பு 18 நிறைந்தவர்களுக்கே பொருந்தும்.

6. லைட்டர் காஸும் முகரக்கூடியவையும்

பியூட்டேன் நிரப்பிய லைட்டர் மறுநிரப்பு டப்பாவை 18 நிறையாதவருக்கு விற்கக்கூடாது என்று 1999ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. லைட்டருக்கு அந்தச் சட்டம் இல்லை, டப்பாவுக்குத்தான். காஸை நேராக வாய்க்குள் அடித்தால் இதயம் அந்த நேரத்திலேயே நின்றுபோகலாம். முதல் தடவையே போதும். அதனால் இந்தச் சாமானை முன் தட்டில் எட்டும்படி வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. டில்லுக்குப் பின்னால்தான் அதன் இடம்.

பசை, தின்னர், நெயில் பொலிஷ் அகற்றி போன்றவற்றுக்கு 18 என்று சொன்ன 1985ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த சைக்கோஅக்டிவ் சப்ஸ்டன்ஸஸ் (மனநிலையை மாற்றும் பொருட்கள்) சட்டத்தில் வயது எண் இல்லை. போதைக்குப் பயன்படுத்தப் போகிறார் என்று தெரிந்தோ, அதைப் பொருட்படுத்தாமலோ கொடுத்தால் குற்றம். ஆகவே வாங்குபவர் 30 வயதுக்காரராக இருந்தாலும், தினமும் வந்து நாலைந்து காஸ் டப்பா கேட்டால் மறுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. சிறுவருக்குக் கொள்கையாகவே 18 வையுங்கள்.

கிரீம் அடிக்கும் சின்ன நைட்ரஸ் ஒக்சைட் குப்பிகளை வைத்திருக்க வேண்டாம். 2023 நவம்பர் 8 முதல் நைட்ரஸ் ஒக்சைட் சி வகுப்புப் போதைப்பொருள். சமையலுக்கு வாங்குவோர் உண்டு என்றாலும், இரவு பத்து மணிக்கு மூலைக் கடையில் கேட்பவர் கேக் செய்யப் போவதில்லை.

7. மத்தாப்பும் வெடியும்

பொதியில் வகை அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வயதை முடிவு செய்யுங்கள்:

கிறிஸ்மஸ் கிரக்கர்: 12
எஃப்1, அதாவது பார்ட்டி பொப்பர், கேக் பூவாணம் போன்றவை: 16
எஃப்2, எஃப்3: 18
கம்பி மத்தாப்பு: 18
எஃப்4: தொழில்முறையாளருக்கு மட்டும், கடையில் இருக்கவே கூடாது

கம்பி மத்தாப்பு ஊரில் கைக்குழந்தை கையிலும் கொடுப்பது. அந்தப் பழக்கத்தில் புதிதாக வேலைக்கு வரும் தம்பி, தங்கைகள் அதைப் பொம்மை மாதிரி விற்றுவிடுகிறார்கள். அதன் நுனி எரியும் வெப்பத்தில் துணியும் தோலும் உருகும். பொதியில் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்கக்கூடாது. “அண்ணை, ரெண்டே ரெண்டு தாங்கோ” என்று கேட்டாலும் முடியாது. வெடியை எப்படிக் கொளுத்துவது, எவ்வளவு தூரம் விலகி நிற்பது என்ற அறிவுறுத்தல் பெட்டியில்தான் இருக்கும்.

விற்கும் காலமும் உண்டு. தனி உரிமம் இல்லாத கடை பெரியவர்களுக்கான வெடிகளை ஒக்டோபர் 15 முதல் நவம்பர் 10 வரை, டிசம்பர் 26 முதல் 31 வரை, சீனப் புத்தாண்டு, தீபாவளி நாட்களிலும் அவற்றுக்கு முந்திய மூன்று நாட்களிலும் மட்டுமே விற்கலாம். 2023இல் தீபாவளி நவம்பர் 12. அதனால் அந்த வருடம் 11ஆம், 12ஆம் திகதிகளிலும் விற்க முடிந்தது. தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் இந்தப் பட்டியலில் இல்லை. மிஞ்சிய பெட்டியைப் பொங்கலுக்கு வெளியே எடுத்தால், வாங்குபவர் எத்தனை வயதானாலும் சட்டமீறல்தான்.

வெடி விற்கும் இடத்தில் அறிவித்தல் கட்டாயம். அளவு குறைந்தது 420க்கு 297 மில்லிமீற்றர், அதாவது ஏ3 தாள்; எழுத்து உயரம் குறைந்தது 16 மில்லிமீற்றர். 18 நிறையாதவருக்கு விற்பதும், அவர்கள் பொது இடத்தில் வைத்திருப்பதும் குற்றம் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். சாதாரண ஏ4 தாளில் அச்சடித்து ஒட்டுவது மிகப் பொதுவான பிழை. வெடி வைத்திருப்பதற்கான உரிமத்தைப் பற்றி, பெட்டி வாங்குமுன் கவுன்சிலில் பேசிவிடுங்கள்.

8. சட்டத்தில் வயது இல்லாதவை

தீப்பெட்டி, லைட்டர், முட்டை, எனர்ஜி பானம், பரசிட்டமோல் ஆகியவற்றைக் கேட்டுப் புதியவர்கள் குழம்புவார்கள். பெரிய கடைகள் எனர்ஜி பானத்துக்கு 16 என்று வைத்திருப்பது அவர்களின் கொள்கை. ஹலோவீன் வாரத்தில் பிள்ளைகளுக்கு முட்டையும் மாவும் மறுப்பதும் அப்படியே. பரசிட்டமோலில் சட்டம் சொல்வது எண்ணிக்கையை: சாதாரண கடையில் ஒரு பொதிக்கு 16 மாத்திரை, ஒரே விற்பனையில் 100க்கு மேல் கொடுக்கவே கூடாது. இரண்டு பொதிக்கு மேல் கொடுக்காமல் இருப்பது நல்ல வழக்கம். மதுச் சுவை சொக்கலேட்டுக்கு 16 என்று பழைய அறிவித்தல் எங்காவது ஒட்டியிருந்தால் கழற்றுங்கள். அந்தக் குற்றம் 2015இல் நீக்கப்பட்டது.

பட்டியலில் சட்ட வயதையும் கொள்கை வயதையும் வேறு நிறத்தில் எழுதுங்கள். கொள்கைக்காக மறுக்கும்போது “சட்டம்” என்று வேலையாள் சொன்னால், விபரம் தெரிந்த பெற்றோர் வந்து கேட்கும்போது திணற வேண்டிவரும்.

பொம்மைத் தட்டில் உள்ள பிபி துப்பாக்கியும் துப்பாக்கி போலத் தெரியும் மற்றவையும் வேறு கதை. போலித் துப்பாக்கியை 18 நிறையாதவருக்கு விற்பது சட்டப்படியே குற்றம்.

9. இடம் மாற்றுதல்

கத்தி, அலகு, லைட்டர் காஸ், கோஸ்டிக் சோடா, ஸ்ப்ரே பெயிண்ட் நான்கடி உயரத்தில் கை எட்டும்படி இருக்க வேண்டாம். டில்லுக்குப் பின்னால் இடமில்லாவிட்டால் பூட்டிய கண்ணாடிப் பெட்டி போதும். இரண்டு காரணம்: திருட்டு ஒன்று. மற்றது, வாடிக்கையாளர் “அதை எடுத்துத் தாருங்கள்” என்று கேட்டேயாக வேண்டும். கேட்கும் அந்தக் கணத்தில் முகத்தைப் பார்க்கிறீர்கள், யோசிக்க நேரம் கிடைக்கிறது. கூடையில் பாலுக்கும் பாணுக்கும் நடுவே கத்தி வந்தால் கை தானாக ஸ்கேன் பண்ணிவிடும்.

10. டில்லை அமைத்தல்

இப்போது பட்டியலை டில்லில் ஏற்றுங்கள். ஒவ்வொரு பார்கோடுக்கும் வயது எச்சரிக்கை போட்டதும், அந்தச் சாமானை ஒரு முறை ஸ்கேன் செய்து திரையில் எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். போட்டதோடு விட்டால் பல டில்களில் சேமிக்கப்படாமல் போயிருக்கும்.

சிவப்பு வட்டம் போட்டவைக்கு வாருங்கள். பார்கோட் இல்லாத கத்தியை ‘இதர’ பொத்தானில் 2.49 என்று அடித்தால் எந்த எச்சரிக்கையும் வராது. கடையிலேயே பார்கோட் ஒட்டுங்கள். இல்லையேல் ‘18+ வீட்டுச் சாமான்’ என்று தனிப் பொத்தான் வைத்து அதில் எச்சரிக்கை போடுங்கள்.

எச்சரிக்கை வந்ததும் பழக்கத்தில் ‘சரி’ அழுத்துவது அடுத்த ஆபத்து. பிறந்த திகதியைத் தட்டச்சு செய்யச் சொல்லும் முறை உங்கள் டில்லில் இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள். ஒரே பொத்தானில் கடந்துபோகும் கேள்வியை, ஐம்பதாவது தடவைக்குப் பிறகு யாரும் வாசிப்பதில்லை.

11. அட்டை பார்த்தல்

ஏற்க வேண்டியவை மூன்று: பாஸ்போர்ட், படமுள்ள ஓட்டுநர் உரிமம், பாஸ் (PASS) என்ற வயது நிரூபிக்கும் திட்டத்தின் ஹோலோகிராம் உள்ள வயது அட்டை. இலங்கை, இந்திய பாஸ்போர்ட்டும் பாஸ்போர்ட்தான். மாணவர் அட்டை, பஸ் அட்டை, போனில் எடுத்த படம் வேண்டாம். படத்தைத் திருத்த ஐந்து நிமிடம் போதும்.

பார்க்கும் ஒழுங்கு இது. முதலில் அட்டையைப் பர்ஸிலிருந்து வெளியே எடுத்துத் தரச் சொல்லிக் கையில் வாங்குங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால் விளிம்பு பிரிந்ததோ மேலே வேறு படம் ஒட்டியதோ தெரியாது. அடுத்து படத்தையும் முகத்தையும் ஒப்பிடுங்கள்: காது, மூக்கு, தாடை. முடியை விட்டுவிடுங்கள், அது மாறும். பிறகு பிறந்த திகதி. ஓட்டுநர் உரிமத்தில் அது 3ஆம் இலக்கத்துக்கு எதிரே இருக்கும்.

பிழை அதிகம் வருவது கணக்கில். வருடத்தை மட்டும் கழிப்பார்கள். 2025 ஒக்டோபர் 14 அன்று, 2007 டிசம்பர் 3 என்று அட்டை காட்டுகிறது. 2025இலிருந்து 2007 போக 18 என்று மனம் சொல்லும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் 17. இதைத் தவிர்க்க, காலையில் டில் திறக்கும்போது ஒரு ஒட்டுத்தாளில் “இன்று 18: 14-10-2007” என்று எழுதித் திரை ஓரத்தில் ஒட்டுங்கள். அந்தத் திகதியோ அதற்கு முன்னரோ பிறந்தவருக்கு விற்கலாம். பிறகு பிறந்தவருக்கு இல்லை. கணக்கே வேண்டாம், ஒப்பிட்டால் போதும்.

12. மறுத்தலும் எழுதுதலும்

தெரிந்த பிள்ளைக்கு மறுப்பதுதான் கடினம். மாலை நாலரை மணி, பக்கத்துத் தெருப் பிள்ளை கிராஃப்ட் கத்தி கேட்கிறான், ஆர்ட் வகுப்புக்காம். இல்லை என்றதும் போனை நீட்டுகிறான், மறுமுனையில் தாய்.

“அண்ணை, நான்தான் அனுப்பினனான். குடுத்து விடுங்கோ.”

“அக்கா, உங்களைத் தெரியும். எண்டாலும் இவருக்கு 18 இல்லை, குடுக்கேலாது. எடுத்து வைக்கிறன், நீங்கள் வந்து வாங்கிக்கொண்டு போங்கோ.”

இவ்வளவுதான். பெற்றோரின் அனுமதி, போன் அழைப்பு, கடிதம் எதுவும் வயதை மாற்றாது. மறுக்கும்போது முதல் வாக்கியத்திலேயே “குடுக்க முடியாது” வந்துவிட வேண்டும். “இருக்குதோ தெரியாது”, “பார்ப்பம்” என்று இழுத்தால் வாதம் நீளும்.

தாய் வந்து வாங்கலாம். ஆனால் பிள்ளை வெளியே போய், ஐந்து நிமிடத்தில் தெரியாத பெரியவர் ஒருவர் அதே சாமானை அதே சில்லறையோடு கேட்டால் மறுத்துவிடுங்கள்.

மறுத்த உடனேயே பதிவேட்டில் எழுதுங்கள்: திகதி, நேரம், சாமான், தோற்றம் ஒரு வரியில், காரணம், எழுதியவரின் முதலெழுத்து. பெயர், விலாசம் வேண்டாம். கடை மூடும்போது எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும். ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் பத்து வரி இருப்பதைப் பார்த்தவுடன் அதிகாரிக்கும் விளங்கும்.

உரிமையாளர் வாரம் ஒருமுறை பார்த்துக் கையொப்பமிட வேண்டும். யாருடைய முதலெழுத்து மூன்று வாரமாக ஒருமுறையும் வரவில்லை என்று பாருங்கள். அவர் வேலை செய்யும் நேரத்தில் பிள்ளைகள் வராமல் இருக்கலாம். அவர் கேட்காமலும் இருக்கலாம். அந்த நேரத்து கமரா பதிவில் அரை மணி பார்த்தால் தெரிந்துவிடும்.

13. வேலையாட்களைப் பழக்குதல்

முதல் ஷிஃப்டுக்கு முன்னரே செய்யுங்கள், முதல் வார இறுதியில் வேண்டாம். அவருக்கு விளங்கும் மொழியில் செய்யுங்கள். ஆங்கிலத் தாளில் கையொப்பம் வாங்கிவிட்டு, அவருக்கு அது விளங்கவில்லை என்று பின்னர் தெரிந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. ஊரிலிருந்து படிக்க வந்து பகுதிநேரமாக நிற்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுங்கள். சாமானைக் கையில் கொடுத்து “இது எத்தனை வயது, எங்கே எழுதியிருக்கு?” என்று கேளுங்கள். அலகுப் பொதி, கோஸ்டிக் சோடா, கார் ஸ்ப்ரே, கம்பி மத்தாப்பு, லைட்டர் காஸ், சாதாரண ப்ளீச். ஆறையும் பிழையில்லாமல் சொன்னால்தான் டில்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்து, திகதியோடு இருவரும் கையொப்பமிடுங்கள். கத்தி, அமிலம் போன்றவற்றில் வழக்கு வந்தால், நியாயமான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்தேன், உரிய கவனம் செலுத்தினேன் என்று நிரூபிப்பதே உங்கள் எதிர்வாதம். அதைக் காட்டுவது இந்தத் தாள்களும் மறுப்புப் பதிவேடும் டில் அமைப்பும்தான். வாயால் சொன்னேன் என்பதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

14. போன் ஓடரும் வீட்டு விநியோகமும்

வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து வானில் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைகள் கவனிக்க வேண்டும். வாங்குபவர் எதிரே நிற்காத விற்பனைக்குச் சட்டம் இன்னும் இறுக்கமானது. பட்டியலில் உள்ள அரிக்கும் பொருளை அப்படி விற்று வீட்டு விலாசத்துக்கோ லொக்கருக்கோ அனுப்பவே கூடாது. பெரியவர் என்றாலும் முடியாது. கத்தியை அனுப்பலாம், ஆனால் ஓடர் எடுக்கும்போது வயதை உறுதிப்படுத்தி, பொதியில் அதைக் குறித்து, வாசலில் 18 நிறைந்தவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும்.

சிறு கடைக்கு இந்த நடைமுறையைக் காப்பாற்றுவது சிரமம். அலகுள்ளவற்றையும் அரிப்பவற்றையும் விநியோகப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். விநியோக அப்பில் உங்கள் கடைச் சாமான்கள் தானாக ஏற்றப்பட்டிருந்தால், அங்கும் போய் நீக்க வேண்டும். டில்லில் போட்ட எச்சரிக்கை அந்த அப்புக்குப் போகாது.

15. சோதனை விற்பனையில் அகப்பட்டால்

கடை விற்பனை விதிகளைக் கண்காணிக்கும் கவுன்சிலின் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரி உள்ளே வந்து, சற்று முன் விற்றது சோதிக்கத் தாங்கள் அனுப்பிய வயது குறைந்த பிள்ளைக்கு என்று சொன்னால், அங்கே வாதாட வேண்டாம். வேலையாளைத் திட்டவும் வேண்டாம். அந்த நேரத்தில் சொல்லும் எதுவும் குறிப்பில் ஏறும். அதிகாரியின் பெயர், நேரம், சாமான் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றே கமரா பதிவைப் பிரதி எடுங்கள். பல கருவிகள் சில வாரத்தில் பழையதை அழித்துப் புதியதை எழுதும். விற்பனை ரசீது, வேலையாளின் பயிற்சித் தாள், மறுப்புப் பதிவேடு மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். பதிவேட்டில் பின்தேதியிட்டு எதுவும் சேர்க்காதீர்கள். ஒரு வரி பொய்யாக இருந்தால் மற்ற நூறு உண்மையான வரியும் போய்விடும்.

எச்சரிக்கையின் கீழ் நேர்காணலுக்கு (சொல்வது வழக்கில் சான்றாகக்கூடிய விசாரணைக்கு) வரச்சொல்லிக் கடிதம் வந்தால், போகுமுன் சட்டத்தரணியிடம் பேசுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்று நினைத்து, விளங்காத கேள்விக்கு ‘யெஸ்’ என்று தலையாட்டியதால் உரிமையாளரும் வேலையாளும் வெவ்வேறு கதை சொன்னதாகப் பதிவாகிவிடும். வேலையாளுக்கும் தனியாகக் கடிதம் வரும். அவருக்கும் ஆலோசனை கிடைக்க வழிசெய்யுங்கள். டில்லில் நின்ற ஒரே குற்றத்துக்காக அவரைத் தனியே விடாதீர்கள்.

அதே வாரத்தில் 2ஆம் படிக்குத் திரும்பிப் போய், கடையை மறுபடி தட்டுத் தட்டாகச் சுற்றுங்கள். விற்ற சாமான் பட்டியலில் இல்லையா, டில்லில் எச்சரிக்கை வரவில்லையா, வந்தும் வேலையாள் அழுத்திக் கடந்தாரா என்று பாருங்கள். முதலாவது என்றால் பட்டியலைத் திருத்துங்கள், இரண்டாவது என்றால் டில்லை. மூன்றாவது என்றால் அந்த வேலையாளோடு இருந்து பயிற்சியை முதலிலிருந்து செய்து, திருத்திய திகதியை எழுதி வையுங்கள்.